சிக்னல் போனாலும் வழி தவறக்கூடாது

பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு வயது 71. வெளிநாடு போன மகன் விட்டுச் சென்ற காரை இரண்டு வருடமாக அவரே ஓட்டுகிறார். இத்தனை காலம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய்வந்த கோயில்களுக்கெல்லாம் இப்போது பெரியம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்து அவரே அழைத்துப் போகிறார். புறப்படுவதற்கு முந்தின நாள் இரவு, கிழித்துவைத்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போகும் வழி ஊர்களை வரிசையாக எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொள்வது அவர் பழக்கம்.

போன வருடம் திருவண்ணாமலைக்குப் போனபோது, தாளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனை நம்பினார். ஓசூர் தாண்டி, கிருஷ்ணகிரியில் பிரிய வேண்டிய இடத்துக்குச் சரியாக வரும்போது உறவினர் ஒருவர் போனில் கூப்பிட்டார். திரை முழுக்க அவர் படம். வரைபடம் மறைந்துவிட்டது, குரலும் நின்றுவிட்டது. பெரியம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டு, போனை எடுத்து, அழைப்பைத் துண்டிப்பதற்குள் கார் சென்னை நெடுஞ்சாலையில் பறந்துகொண்டிருந்தது. பர்கூர் போர்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: “போன் வேண்டாம்ப்பா. படம் வேண்டாம், பாட்டு வேண்டாம். ரோடு மட்டும் சொல்ற மாதிரி ஒரு டப்பா வாங்கிக் குடு.”

எளிமையான கோரிக்கைதான். அதற்காக ஜே.சி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை முழுவதும் அலைந்தோம். கார் ஸ்டீரியோவும் சீட் கவரும் குவிந்து கிடக்கும் அந்தத் தெருவில் நாங்கள் கேட்டதை விளங்கவைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஒரு கடைக்காரர் பெங்களூர்த் தமிழில் கேட்டார்: “இப்ப யார் சார் தனியா ஜி.பி.எஸ். வாங்கறாங்க? ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டுக்கோங்க, படமும் பாக்கலாம்.” படம் வேண்டாம் என்றுதானே பெரியப்பா வந்திருக்கிறார்!

அன்றிலிருந்து இதைப் பற்றிப் படித்தும், ஆட்களைக் கேட்டும், நானே ஓட்டிப் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரியப்பாவைப் போன்ற ஓட்டுநர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் பழைய போனைக் கையில் திணித்து, “எல்லாம் இதுலயே இருக்கு” என்று சொல்லிவிடுகிறோம். அதில் எது இருக்கிறது, எது எப்போது இல்லாமல் போகும் என்று சொல்லித் தருவதில்லை.

வானம், வரைபடம், நெட்

வழிகாட்டிக் கருவி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. நாம் எங்கே இருக்கிறோம் என்பது வானத்திலிருந்து வருகிறது. அந்த இடத்தைச் சுற்றி எந்த ரோடு எங்கே போகிறது என்பது வரைபடத்திலிருந்து. எந்த ரோட்டில் இப்போது நெரிசல் என்பது மட்டும் நெட்டிலிருந்து. முதல் வேலைக்கு சிம் கார்டும் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எல்லோருக்கும் இலவசமாகச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கருவி அதைக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். முன்பு பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்துவைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் அதை நிறுத்திய பிறகுதான் காருக்குள் இந்தக் கருவிகள் உருப்படியாக வேலை செய்யத் தொடங்கின.

“டவர் இல்லை, அதனால் ஜி.பி.எஸ். வேலை செய்யவில்லை” என்று பலர் சொல்லக் கேட்கிறோம். டவர் இல்லாதபோது போவது பெரும்பாலும் வரைபடம்தான். அம்புக்குறி சரியான இடத்தில்தான் நிற்கும். அதன் கீழே வெறும் சாம்பல் நிறக் கட்டம் தெரியும். வரைபடத்தை முன்கூட்டியே கருவிக்குள் இறக்கிவைத்திருந்தால் டவர் போனாலும் வழி போகாது. கருவி வாங்கப் போகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இது.

2024 டிசம்பரில் கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பீகாரிலிருந்து கோவாவுக்குக் காரில் போன ஒரு குடும்பம், செயலி காட்டிய வழியில் கானாப்பூர் பக்கம் பீம்கட் காட்டுக்குள் நுழைந்துவிட்டது. நடு இரவு, நெட்வொர்க் இல்லை. காருக்குள்ளேயே ராத்திரியைக் கழித்து, பல கிலோமீட்டர் நடந்து டவர் கிடைத்த இடத்திலிருந்து 112க்கு அழைத்த பிறகுதான் போலீஸ் வந்து மீட்டது. நெட்டை மட்டும் நம்பிப் போனால், உள்ளே போக வழி கிடைக்கும். திரும்பி வரத்தான் கிடைக்காது.

பியாலாலுவில் ஓடும் கடிகாரம்

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இந்த விஷயத்தைப் பேசும்போது இஸ்ரோவைத் தாண்டிப் போக முடியாது. நகரத்துக்குத் தென்மேற்கே பியாலாலு கிராமத்தில் இஸ்ரோவின் வழிகாட்டு மையம் 2013இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் சொந்த வழிகாட்டுத் தொகுப்பின் முதல் செயற்கைக்கோள் ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ போனது. 2016 ஏப்ரலில் ஏழாவது போய்ச் சேர்ந்ததும் அந்தத் தொகுப்புக்கு நாவிக் என்று பெயர் வைத்தார்கள்.

இந்த வேலையின் உயிர்நாடி கடிகாரம். செயற்கைக்கோளிலிருந்து சமிக்ஞை புறப்பட்ட நேரத்துக்கும் நம்மை அடைந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் தூரம் கணக்கிடப்படுகிறது. ஒளி ஒரு மைக்ரோ வினாடியில், அதாவது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில், 300 மீட்டர் போய்விடும். கடிகாரம் அவ்வளவு பிசகினால் போதும், ஜெயநகரில் நீங்கள் தேடும் வீடு நாலைந்து கிராஸ் தள்ளிப் போய்விடும். இஸ்ரோவுக்குச் சோதனை வந்ததும் அங்கேதான். முதல் செயற்கைக்கோளில் இருந்த, வெளிநாட்டில் வாங்கிய மூன்று ருபீடியம் அணுக்கடிகாரங்களும் பழுதாயின. மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியது, ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாததால் உள்ளேயே சிக்கிப் போனது. 2018 ஏப்ரலில் இன்னொன்று போனது. 2023 மே மாதம் போன என்.வி.எஸ்.-01இல்தான் நம் நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரம் முதன்முதலாக ஏறியது. 2025 ஜனவரியில், ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலில் போன என்.வி.எஸ்.-02 வால்வு திறக்காததால் உரிய பாதைக்கு உயர முடியாமல் நின்றுவிட்டது.

இத்தனை அடி வாங்கியும் விடாமல் செய்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் கருவி வாங்கும்போது பெருமையை ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள். ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, நம் நாவிக் என எத்தனை தொகுப்புகளைக் கேட்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. ஒன்று மறைந்தால் இன்னொன்று கைகொடுக்கும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் மெட்ரோ பாலத்தின் அடியிலும் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். அந்தக் கீற்றில் எத்தனை செயற்கைக்கோள் சிக்குகிறது என்பதுதான் அங்கே கணக்கு.

அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். அடித்தள பார்க்கிங்கிலிருந்து கிளம்பும்போது கருவிக்கு வானமே தெரியாது. அம்புக்குறி எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும். நாம் கேட்டைத் தாண்டி அது காட்டிய பக்கம் திரும்பிவிடுவோம், முதல் திருப்பமே தப்பு. சிம் இல்லாத கருவிக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் இருக்கும் இடத்தைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகும். நெட் உள்ள போன் அந்தத் தகவலை முன்பே நெட்டில் எடுத்துவைத்துக்கொள்கிறது. தனிக் கருவி வானத்திலிருந்துதான் கேட்டாக வேண்டும். வெளியே வந்து ஒரு ஓரமாக இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டுப் போனால் பிரச்சினை தீர்ந்தது.

வரைபடத்தைச் சோதிக்க உங்கள் அத்தை வீட்டு முகவரி போதும்

இந்தியாவை அறிவியல் முறையில் அளந்து வரைபடமாக்கும் பெருவேலைக்கு ஒத்திகை நடந்தது பெங்களூரில்தான். 1800ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் இங்கே தன் முதல் அடிக்கோட்டை அளந்தார். கையில் நூறு அடி நீள எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அவர் வேண்டாமென்று சொன்னதால் இந்தியா வந்து சேர்ந்த சங்கிலி அது! அதற்குப் பிறகுதான், 1802இல், சென்னை பரங்கிமலைப் பக்கம் அவர் அளந்த புகழ்பெற்ற கோடு.

இன்று சங்கிலிக்குப் பதில் கார்களும் கேமராக்களும் அளக்கின்றன. 1995இல் தொடங்கிய டெல்லி நிறுவனமான மேப்மைஇந்தியா, வீதி வீதியாக அளந்து டிஜிட்டல் வரைபடம் செய்தது. பல கார்களில் கம்பெனியிலேயே பொருத்தி வரும் நேவிகேஷனில் இருப்பது அந்த வரைபடம்தான். அதன் செயலிக்கு மேப்பிள்ஸ் என்று பெயர். கூகுள் வேறு வழியில் வந்தது. நம் ஊர்களுக்கு உருப்படியான வரைபடமே இல்லாதபோது, மக்களே தங்கள் தெருவை வரையட்டும் என்று 2008இல் மேப் மேக்கரைக் கொண்டுவந்தது. அதன் வேர் இங்கே, கூகுளின் இந்தியப் பொறியாளர்களிடம். அடுத்த ஆண்டு டிசம்பரில் இன்னொரு மாற்றம் செய்தார்கள். நாம் யாரும் “இருநூறு மீட்டரில் வடக்கே திரும்பு” என்று வழி சொல்வதில்லை, பெட்ரோல் பங்க் தாண்டி, பிள்ளையார் கோயில் எதிரே என்றுதான் சொல்கிறோம் என்பதைக் கவனித்து, அடையாள இடங்களை வைத்து வழி சொல்லும் முறையை இந்திய வரைபடத்தில் சேர்த்தார்கள். வழி கேட்கும் நம் வழக்கத்தை மதித்த வேலை அது.

ஆனாலும் பெங்களூர் முகவரி எந்த வரைபடத்தையும் தடுமாற வைக்கும். ஸ்டேஜ், பிளாக், ஃபேஸ், மெயின், கிராஸ் என்று ஐந்து அடுக்கு. ஊரில் எத்தனை லேஅவுட் உண்டோ அத்தனை முதல் மெயின், அத்தனை முதல் கிராஸ். “எட்டாவது மெயின்” என்று மட்டும் தட்டிப் பாருங்கள், கருவி உங்களை எந்த மூலைக்கு வேண்டுமானாலும் கூட்டிப் போகும். ஆகவே கடையில் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. விற்பவர் தட்டிக் காட்டும் விமான நிலையத்தையும் விதான சௌதாவையும் விடுங்கள். அவை எந்த டப்பாவிலும் வரும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு உறவினர் வீட்டு முகவரியை, கிராஸ் எண்ணோடு தட்டுங்கள். பிறகு நீங்கள் வழக்கமாகப் போகும் தமிழ்நாட்டு ஊரில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தெருவைத் தட்டுங்கள். இரண்டும் வந்தால் மேற்கொண்டு பேசலாம். வரவில்லை என்றால் விலையைக்கூடக் கேட்க வேண்டாம்.

தனிக் கருவிகளில் பலர் ஏமாறும் இடம், புதுப்பிப்பு. பெங்களூர்–மைசூர் புதுச் சாலை திறந்தது 2023 மார்ச்சில். ராகிகுட்டாவிலிருந்து சில்க் போர்டு வரையிலான இரண்டடுக்கு மேம்பாலம் 2024 ஜூலையில். அதற்கு முந்தைய வரைபடத்தோடு அலமாரியில் தூங்கும் கருவிக்கு இவை இரண்டும் தெரியாது. பாலத்தின் மேல் போகும்போது நீங்கள் வீட்டு மாடிகளின் மேல் பறப்பதாகக் காட்டும். இந்திய வரைபடத்தின் புதுப்பிப்பு எத்தனை வருடத்துக்கு இலவசம், அதை யார், எப்படிப் போட வேண்டும் என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கணினியில் கேபிள் மாட்டி இறக்க வேண்டும் என்றால், உங்கள் பெரியப்பா அதைச் செய்வாரா என்று யோசியுங்கள்.

மேலேயா, கீழேயா?

வாகனம் இருக்கும் இடத்தைத் தரையளவில் கண்டுபிடிக்கும் அளவுக்கு உயரத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க செயற்கைக்கோளால் முடியாது. சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போகும் சுமார் பத்து கிலோமீட்டர் மேம்பாலத்தின் மேல் போகிறீர்களா, கீழே ஓசூர் ரோட்டில் ஊர்கிறீர்களா என்பதில் கருவிக்கு அடிக்கடி குழப்பம் வரும். தெரியாமல் ஏறிவிட்டால் சுங்கமும் கட்ட வேண்டும், நினைத்த இடத்தில் இறங்கவும் முடியாது. 2024 ஜூலையிலிருந்து கூகுள், மேம்பாலத்தில் ஏறு, ஏறாதே என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கியிருக்கிறது. குறுகலான தெருக்களைக் காட்டும் வசதியும் அப்போதுதான் பெங்களூர், சென்னை, கோயம்புத்தூர் உள்ளிட்ட நகரங்களுக்கு வந்தது.

அதற்கு ஆறு மாதம் முன்பு கூடலூரில் என்ன நடந்தது என்று தெரிந்தால் அந்த வசதியின் அருமை புரியும். விடுமுறையைக் கழித்துவிட்டுக் கர்நாடகத்துக்குத் திரும்பிய நண்பர்கள், செயலி காட்டிய வேகமான வழியில் காரை விட்டு, காவலர் குடியிருப்பின் படிக்கட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அக்கம்பக்கத்தாரும் போலீசாரும் சேர்ந்து காரை மெயின் ரோட்டில் சேர்த்துவிட்டார்கள். எல்லாக் கதையும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. 2023 அக்டோபரில் எர்ணாகுளம் மாவட்டத்தில் மழை இரவில் கார் ஆற்றுக்குள் போய் இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்தார்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலிக்குப் பக்கத்தில், பாதியில் உடைந்துபோன பாலத்திலிருந்து கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூவர் இறந்தார்கள். வரைபடத்தை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடைந்த பாலத்தின் முகப்பில் ஒரு நல்ல தடுப்பு இருந்திருந்தால் அந்த மூவரும் இன்று இருப்பார்கள். ஆனால் ஓட்டுகிறவர் தன் பக்கத்தில் ஒன்று செய்யலாம். அமைப்புகளில் “வேகமான வழி”க்குப் பதில் பெரிய சாலைகளையே தேர்ந்தெடுக்கும் வசதி சில கருவிகளில் உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். பத்து நிமிடம் மிச்சம் பிடிக்க முன்பின் தெரியாத ஊரில், அதுவும் இருட்டில், குறுக்கு வழியில் நுழையவே வேண்டாம்.

நகரத்துக்குள் கதை வேறு. டாம்டாம் நிறுவனத்தின் கணக்குப்படி 2024இல் பெங்களூரில் பத்து கிலோமீட்டர் போகச் சராசரியாக 34 நிமிடம் 10 வினாடி ஆனது. உலகிலேயே மூன்றாவது மெதுவான நகரம். இங்கே வழி தெரிந்தவருக்கும் நெரிசல் நிலவரம் தெரிய வேண்டும், அதற்கு நெட் இல்லாமல் முடியாது. போக்குவரத்துப் போலீசாரோடு சேர்ந்து சிக்னலில் இன்னும் எத்தனை வினாடி என்பதையே மேப்பிள்ஸ் 2025இலிருந்து திரையில் காட்டுகிறது. ஊருக்குள்ளேயே தினமும் ஓட்டுகிறவர் தனி ஜி.பி.எஸ். டப்பா வாங்குவது பணத்துக்குக் கேடு. மாதம் ஒரு முறை நெடுஞ்சாலையில் வெளியூர் போகும் பெரியப்பாவுக்குத்தான் அது பொருத்தம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பேசினால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 2020 அக்டோபர் 1 முதல், கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் கையடக்கக் கருவியைப் பயன்படுத்தலாம் என்று விதி திருத்தப்பட்டது. ஆக, அதை ஏதாவது ஒரு தாங்கியில் மாட்டித்தான் ஆக வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் தாங்கி, ஏப்ரல் வெயிலில் இளகி மடியில் விழும். டேஷ்போர்டின் மேல் நேர் வெயிலில் வைத்த போன் கொதித்துத் தானே அணைந்துவிடும். ஏ.சி. துவாரத்தில் கிளிப் போட்டு மாட்டுவதுதான் நான் பார்த்தவரை நல்லது. காற்று கருவியையும் குளிரவைக்கும், பார்வையையும் மறைக்காது.

கடைசியில் பெரியப்பாவுக்கு எதை வாங்கினோம்? எதையும் வாங்கவில்லை. கடைகளில் கண்ட தனிக் கருவிகளில் ஒன்று அத்தை வீட்டுச் சோதனையில் தோற்றது, இன்னொன்றின் புதுப்பிப்புக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. வீட்டில் சும்மா கிடந்த டேப்லெட்டை எடுக்கலாம் என்று பார்த்தால், அது வைஃபை மட்டும் உள்ளது. அந்த வகையில் பலவற்றில் ஜி.பி.எஸ். சில்லே இருக்காது. அதனால் என் பழைய போனில் சிம்மைக் கழற்றினோம். மற்ற எல்லாவற்றையும் அழித்தோம். கர்நாடகம், தமிழ்நாடு வரைபடங்களை வீட்டு வைஃபையில் இறக்கினோம். கூகுள் மேப்ஸில் இறக்கினால் அதற்குக் காலாவதி உண்டு, நெரிசலும் காட்டாது. மாநிலம் மாநிலமாக இறக்கிவைத்து நெட்டே இல்லாமல் ஓடும் ஆர்கானிக் மேப்ஸும் போட்டுவைத்தோம். குரலைத் தமிழுக்கு மாற்றினோம். கூகுளில் 2018இலேயே வந்துவிட்ட வசதி இது, பாதிப் பேர் இன்னும் இங்கிலீஷிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சார்ஜர் வயர் நிரந்தரமாக மாட்டியாயிற்று. அந்தப் போனுக்கு யாரும் கூப்பிட முடியாது. அவருடைய சொந்தப் போன் பெரியம்மாவின் கைப்பையில்.

போன மாதம் நானும் கூடப் போனேன். கிருஷ்ணகிரி நெருங்கும்போது இரண்டு கிலோமீட்டர் முன்பே குரல் சொன்னது. ஒரு கிலோமீட்டரில் மறுபடியும் சொன்னது. பெரியப்பா இன்டிகேட்டரைப் போட்டு நிதானமாகப் பிரிந்தார். ஊத்தங்கரை தாண்டி என் போனில் டவர் இரண்டு முறை போய் வந்தது, அவர் முன்னால் அம்புக்குறி அசங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. செங்கத்துக்கு முன்னால் ஓரிடத்தில் அது இடது பக்கம் ஒரு கிராமத்துச் சாலையைக் காட்டி, திரும்பு என்றது. பெரியப்பா சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினார். “செங்கம்தான் எழுதியிருக்கீங்க, நேராப் போங்க” என்றார் பெரியம்மா. நேராகப் போனார். நாலு வினாடி யோசித்துவிட்டுக் கருவியும் நேராகப் போகச் சொன்னது.